ஒரு முறம் தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

முருகன் துணை
பதினோராங்கட்டைத் தோட்டம், கிள்ளான்
21-1-1934

அன்புள்ள தம்பி ரெங்கசாமிக்கு அக்கா வள்ளியம்மா எழுதுறது. நான், உங்க அத்தான், ரமணி மூணு பேரும் முருகன் புண்ணியத்துல ஒரு குறையும் இல்லாம இருக்கோம். நீ, சீதாலெட்சுமி, என் மருமகன் குப்பு மூணு பேர் சுகத்துக்கும் உடனே எழுது.

ஜொகூர் காட்டுக்குள்ள கிடந்தது போதும்னு சாமிக்கே தோணிடுச்சு போல. அத்தானுக்கு இந்தத் தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி வேலை கிடைச்சு வந்துட்டோம். பொங்கப் பானை இங்கதான் பொங்கிச்சு. வீடு பரவாயில்ல, பின்னால ஒரு முருங்கை நிக்குது. எனக்கு அதெல்லாம் பெரிசில்ல. கிள்ளான்ல விடியக்காலம் ரயில் ஏறினா பசியாறுற நேரத்துக்குள்ள கோலாலம்பூர் வந்துடலாம்கிறதுதான் பெரிசு.

குப்பு பிறந்த பதினாறாம் நாள் பார்த்தது. உனக்கு முதல் ரெண்டும் தங்காமப் போச்சேன்னு, நான் ஒரு முறம் தவிடு கொடுத்து அவனை விலைக்கு வாங்கி, வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போய், "என் பிள்ளையை நீ வளர்த்துக் குடுடி"ன்னு உன் பொண்டாட்டி மடியிலயே திரும்பப் போட்டேன். நீ ராதாகிருஷ்ணன்னு பதிஞ்ச பேரை எமன் காதுல விழாம வெச்சுட்டு, குப்பைன்னு அர்த்தம் வர்ற மாதிரி குப்புன்னு கூப்பிடச் சொன்னதும் நான்தான். மறுநாளே ஜொகூர் போனவ இப்பத்தான் கிட்ட வந்திருக்கேன்.

மூணு வயசு தாண்டிடுச்சு. என்ன பேசுறான்? அத்தைன்னு சொல்லத் தெரியுமா? ரமணி அவனுக்கு ஆறு மாசம்தான் மூத்தவ. அவ வாய் மூடுறது தூங்குறப்ப மட்டும்தான். மாசி பிறந்ததும் வந்து பார்க்கிறேன்.

உன் அக்கா,
வள்ளியம்மா

&nbsp;

ரயில்வே குவார்ட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ்
11-2-1934

அக்கா, அத்தான் இருவருக்கும் ரெங்கசாமி வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே மூவரும் சௌக்கியம். ரமணிக்கு என் ஆசீர்வாதம்.

தாங்கள் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது குறித்து மிகவும் சந்தோஷம். சீனப் பெருநாள் நெருங்குவதால் எங்கள் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் சாமான்கள் கூரை வரை குவிந்து கிடக்கின்றன. எனக்கு ஞாயிறும் இல்லை, வெள்ளியும் இல்லை. அதனால்தான் பதில் தாமதம்.

குப்பு நன்றாக இருக்கிறான். வயிறு நிறையச் சாப்பிடுகிறான். சளி, காய்ச்சல் என்று ஒரு நாளும் படுத்ததில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டான். வைத்த இடத்தில் இருப்பான்.

தாங்கள் இப்போது வரவேண்டாம். சீதாவுக்கு இடுப்பு வலி இருக்கிறது. விருந்தாளி என்றால் ஓடியாடிச் செய்ய முடியவில்லையே என்று வருத்தப்படுவாள். கொஞ்சம் சரியானதும் நானே எழுதுகிறேன். அத்தானுக்குப் புது இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

தங்கள் தம்பி,
ரெங்கசாமி

&nbsp;

பதினோராங்கட்டைத் தோட்டம்
18-2-1934

தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். அத்தானுக்குத் தண்ணி ஒத்துக்குது. எனக்கு உன் காகிதம்தான் ஒத்துக்கல.

வைச்ச இடத்துல இருக்கிறதுக்கு அவன் என்ன அம்மிக்கல்லா? மூணு வயசுப் பிள்ளை தொந்தரவே குடுக்கலைன்னா அது பெருமையாடா? என்ன பேசுறான்னு கேட்டேன். நீ என்ன சாப்பிடுறான்னு எழுதியிருக்கே. நான் விருந்தாளியும் இல்ல. இடுப்பு வலின்னா அவ படுத்துக்கட்டும், நான் சமைக்கிறேன்.

இந்த ஊர் விசேஷம் சொல்றேன் கேளு. ரப்பர் மரத்துல பால் வெட்டப் போற பொம்பளைங்க விடியக்காலமே பிள்ளைங்களைக் கொண்டாந்து ஆயாக் கொட்டகையில விட்டுட்டுப் போறாங்க. வீரம்மான்னு ஒரே ஒரு ஆயா. பிள்ளைங்க இருபதுக்குக் குறையாது. ஒண்ணு தூளியில கத்தும், ஒண்ணு இன்னொண்ணோட ரொட்டியைப் பிடுங்கும், மூணு சேர்ந்து ஒரு பூனையைத் துரத்தும். அந்தம்மா திட்டுற திட்டு எங்க வீடு வரைக்கும் கேட்கும். கிராணி மகளாச்சேன்னு ரமணியை வீட்டுல வெச்சுக்கப் பார்த்தேன். நிக்க மாட்டேங்குறா. கதவைத் திறந்தா அங்கதான் ஓடுறா, தலை நிறையப் புழுதியோட வர்றா. போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன்.

சீதாவுக்குத் தனியா ஒரு காகிதம் இதுக்குள்ளயே வெச்சிருக்கேன். நாலாவது வரைக்கும் படிச்சவதானே, அவ கையால பதில் எழுதச் சொல்லு. நீ எனக்கு ஒண்ணே ஒண்ணு எழுது. குப்பு உன்னை என்னன்னு கூப்பிடுறான்? அப்பான்னா, நைனான்னா?

வள்ளியம்மா

&nbsp;

பிரிக்பீல்ட்ஸ்
29-4-1934

அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே.

இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். வேலை அதிகம். சீதா தங்கள் கடிதத்தைப் படித்தாள். பிறகு எழுதுவாள்.

குப்பு காலித் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்குவதில் கெட்டிக்காரன். ஒன்று கோணலாகிவிட்டால் கலைத்துவிட்டு முதலிலிருந்து அடுக்குவான்.

அத்தானிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். தோட்டங்களுக்கு வந்து போகும் வெள்ளைக்கார டாக்டர் குழந்தைகளுக்குக் காது பார்ப்பாரா? இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பத்துப் பேர் பார்ப்பார்கள், பத்து விதமாகப் பேசுவார்கள். எனக்காக அல்ல. என் சிநேகிதர் ஒருவரின் பிள்ளை, கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். அவர் மிகவும் கவலைப்படுகிறார்.

ரெங்கசாமி

&nbsp;

பதினோராங்கட்டைத் தோட்டம்
2-5-1934

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிறதை அப்புறம் வெச்சுக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்காதே. அந்தச் சிநேகிதர் எந்த குவார்ட்டர்ஸ்ல இருக்காரு? உன் வீட்டு நம்பர்தானே?

வர்ற ஞாயித்துக்கிழமை காலை ரயிலுக்கு வரேன். சீதாவுக்கு இடுப்பு வலியா இருந்தாலும் சரி, தலைவலியா இருந்தாலும் சரி. அத்தானும் போயிட்டு வான்னுட்டாரு. நீ எழுதி என்னைத் தடுக்க நேரம் இல்ல, உன் பதில் வந்து சேர்றப்ப நான் கிளம்பிட்டிருப்பேன்.

வள்ளியம்மா

&nbsp;

பதினோராங்கட்டைத் தோட்டம்
8-5-1934

தம்பிக்கு அக்கா எழுதுறது. பத்திரமா வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசுதான் சரியில்ல. நான் வரேன்னு தெரிஞ்சே நீ ஞாயித்துக்கிழமை டூட்டி போட்டுக்கிட்டதும் நல்லதாப் போச்சு. எதிர்ல இருந்திருந்தா நான் பேசுற பேச்சுக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு ஆகியிருக்கும். எழுதுறப்ப கொஞ்சம் அடங்கி வருது.

நான் கண்டதை எழுதுறேன். உன் வீடுதான், ஆனா நீ பார்க்கிறியான்னு எனக்குத் தெரியல.

முன் ஜன்னல்ல சாக்கு அடிச்சிருக்கு. உள்ள பாய் மேல குப்பு தீப்பெட்டி அடுக்கிட்டிருந்தான். குப்புன்னு கூப்பிட்டேன், அத்தைடான்னு சொன்னேன், திரும்பல. பக்கத்துல உட்கார்ந்து தோளைத் தொட்டேன். சுடுதண்ணி பட்ட மாதிரி உதறினான். காது கேட்கலையோன்னு நானும் நினைச்சேன். அந்த நேரம் பார்த்து உங்க யார்டுல ரயில் பெட்டியைக் கோத்தாங்க. சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினான். அந்தச் சத்தம் மாதிரியே டக் டக்னு வாயால அடிச்சுக் காட்டி, கடைசியில கூன்னு ஊதினான். காது நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்த வீட்டுல அவன் காதுபட ஓயாமப் பேசுறது அது ஒண்ணுதான். அதை அவன் படிச்சு வெச்சிருக்கான்.

சீதா சோறு ஊட்டினதைப் பார்த்தேன். காக்கா காட்டல, பூனை காட்டல, ஆ காட்டுன்னுகூடச் சொல்லல. கை கிட்ட வந்தா அவன் வாயைத் திறக்கிறான், அவ்வளவுதான். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கன்னத்துல மை வெச்சா. பிள்ளை பளபளன்னு இருக்கான். கோயில்ல சிலைக்கு அபிஷேகம் பண்ற ஐயர்கூட ரெண்டு மந்திரம் சொல்லித்தான் தண்ணி ஊத்துறாரு. பக்கத்து வீட்டு ஹபீபா பிள்ளைங்க சாக்கு ஓட்டை வழியா எட்டிப் பார்த்துச்சுங்க. கண்ணு படும், சளி ஒட்டும்னு இவ கதவைச் சாத்தினா.

அடுப்படியில வெச்சுக் கேட்டேன். சொன்னா. "அவன் என் பிள்ளை இல்ல அண்ணி. நீங்க வாங்கிட்டீங்க. பஞ்சாங்கம் பார்க்கிற அய்யாவு, அஞ்சு வயசு முடியிற வரைக்கும் மகனேன்னு அழைச்சுடாதேன்னு சொன்னாரு. நான் ஒரு பேச்சு பேசினா அடுத்த பேச்சு ராசான்னு வந்துடும். பெரியவனை ராசான்னுதான் கூப்பிட்டேன். அதான் பேசுறதே இல்ல." கண்ணுல சொட்டுத் தண்ணி இல்லாம சொன்னா.

நம்ம ஊர்ல தவிட்டுக்கு வாங்கின பிள்ளை எத்தனை பேரு இருக்கான். தவிட்டை வாங்கி அந்தப் பக்கம் வெச்சுட்டு இந்தப் பக்கம் பிள்ளையை அள்ளி முத்தாத தாய் யாரு? எமனை ஏய்க்கிறதுக்கு ஒரு நாழி ஆடுற கூத்து அது. இவ அதை மூணு வருஷமா நிறுத்தாம ஆடிட்டிருக்கா. அவளை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டை மண்ணுக்குக் குடுத்தவ, சூடுபட்ட பூனை. ஆனா உனக்கு எந்த அய்யாவு வாய்ப்பூட்டு போட்டான்? நீ ஏன்டா பேசல?

பேச்சு தானா வயித்துல இருந்து வந்துடாது. நாலு பேர் மேல விழுந்து பேசி, திட்டி, சிரிச்சு, பிடுங்கித் தின்னாத்தான் பிள்ளைக்கு வாய் வரும். இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே விட்டா அஞ்சு வயசு முடிஞ்சு இவ மகனேன்னு கூப்பிடுறப்ப, அது தன்னைத்தான்னு அவனுக்குத் தெரியாது.

அதனால சொல்றேன். அவன் என் பிள்ளைன்னு அவளே சொல்லிட்டா. வாங்கினவ நான் கேட்கிறேன். என் பிள்ளையை என்கிட்ட அனுப்பு.

வள்ளியம்மா

&nbsp;

பிரிக்பீல்ட்ஸ்
3-6-1934

அக்காவுக்கு ரெங்கசாமி எழுதுவது. அனைவரின் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டி மறுபடி படித்தேன்.

எனக்கு யாரும் வாய்ப்பூட்டு போடவில்லை. முதல் இருவரையும் நான் தோளில் போட்டுக்கொண்டு யார்டு முழுவதும் இஞ்சின் காட்டித் திரிந்தவன். மூன்றாவது பிள்ளையைத் தூக்கப் பயமாக இருந்தது. பழகாமல் இருந்தால் போனாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. வேலை விட்டு வந்தால் அவன் தலை தூக்க மாட்டான். நானும் பேப்பரை விரித்துக்கொள்வேன். வீட்டில் மூன்று பேர் இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. நம் அம்மாவின் தம்பி ஐந்து வயதில்தான் பேசினார் என்பார்களே, அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன்.

அனுப்பினால் சீதா என்ன ஆவாளோ என்றுதான் ஒரு மாதம் யோசித்தேன். நேற்று, "அக்கா பிள்ளையைக் கேட்கிறாள்" என்றேன். "வாங்கினவங்க கேட்டா குடுக்கத்தானே வேணும்" என்று சொல்லி, எழுந்துபோய் அவன் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அவள் அழுதிருந்தால் அனுப்பச் சம்மதித்திருக்க மாட்டேன்.

வரும் ஞாயிறு பத்தாம் தேதி நான் கொண்டுவந்து விடுகிறேன். தயிர் கொடுக்க வேண்டாம், சீதா சொல்லச் சொன்னாள்.

ரெங்கசாமி

&nbsp;

பதினோராங்கட்டைத் தோட்டம்
26-8-1934

தம்பி ரெங்கசாமிக்கும் சீதாலெட்சுமிக்கும் சேர்த்தே எழுதுறேன். இங்க நாலு பேரும் சுகம். நாலாவது ஆளைப் பத்தி எழுத இவ்வளவு நாளா நல்ல சேதி ஒண்ணும் இல்ல, அதான் எழுதல.

வந்த புதுசுல கொட்டகையில ஒரு மூலையைப் பிடிச்சு உட்கார்ந்தான். எந்தப் பிள்ளை கிட்ட வந்தாலும் அலறுவான். தலையைத் தூண்ல மோதுவான். ரமணியைக் கடிச்சு அவ கையில பல்லு பதிஞ்சு போச்சு. வீரம்மா ஆயா ஒண்ணும் கொஞ்சுறவ இல்ல. இருபது பிள்ளையைப் பார்க்கிறவளுக்குக் கொஞ்ச எங்க நேரம்? "ஏய் குப்பு, கடிச்சா பல்லைப் பிடுங்கிடுவேன்"னு கத்திட்டு அடுத்த பிள்ளைக்குக் கால் கழுவப் போயிடுவா. அத்தான்கூட, திருப்பி அனுப்பிடலாம்னாரு. நான் சாயங்காலம் அவனைக் கூட்டிட்டு வர்றப்ப சடக்குல, வழி முழுக்கப் பேசிட்டே வருவேன். மாட்டைப் பார்த்தா மாடு, லோரியைப் பார்த்தா லோரி. ஊர் சிரிக்குது. சிரிக்கட்டும்.

பிள்ளைங்க விடல தம்பி. பெரியவங்கன்னா, சரி இவன் வரமாட்டான்னு ஒதுங்கிடுவோம். அதுங்களுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியல. அவன் அடுக்கின தீப்பெட்டியைக் காத்தான்னு ஒரு பயல் தினமும் உதைச்சுத் தள்ளுவான். இவன் அழுவான், மறுபடி அடுக்குவான். ஒரு நாள் அழல, எழுந்து அவனைத் துரத்தினான். கொட்டகையைச் சுத்தி ரெண்டு பேரும் ஓடினாங்க. ஓடி முடிச்சுட்டு, உதைக்கிறதுக்குன்னே திரும்ப அடுக்கி வெச்சுட்டுக் காத்தான் முகத்தைப் பார்த்தான். யாரோட முகத்தையும் அவன் நேரா பார்த்தது எனக்குத் தெரிஞ்சு அதுதான் முதல் தடவை.

போன வாரம் வாய் திறந்துட்டான். என்ன சொன்னான்னு கேட்டா நீ அடிக்க வருவே. காத்தானைப் பார்த்து "போடா"ன்னான். சுத்தமா, அழுத்தமா. நான் போய் எல்லாப் பிள்ளைக்கும் வெல்லம் குடுத்தேன். அதுக்கப்புறம் "எனக்கு", "குடு", "வேணாம்"னு ஒண்ணு ரெண்டு வருது. இன்னும் எத்தனையோ பாக்கி. ரமணி அந்த வயசுல பேசினது இவனுக்கு வர நாள் பிடிக்கும். முழுசா வருமான்னும் எனக்குத் தெரியல.

சீதா, உனக்குத் தனியா மூணு காகிதம் போட்டுட்டேன். ஒரு வரி எழுதக் கூடாதா?

வள்ளியம்மா

&nbsp;

பிரிக்பீல்ட்ஸ்
16-9-1934

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் நலம். ரமணியின் கைக் காயம் ஆறியதா என்று சீதா கேட்கச் சொன்னாள்.

தாங்கள் எழுதிய வார்த்தையைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று என்று நினைவில்லை. சீதா சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அவள் குரல் கேட்டது. யாரும் இல்லாத இடத்தில், மெதுவாக, "போடா, போடா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் சாக்கைக் கழற்றிவிட்டாள். ஹபீபா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போது கைக்குழந்தையை இவளிடம் விட்டுப் போகிறாள். அதனிடமும் பேசுவதில்லை. ஆனால் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள்.

நான் வர வேண்டும். லீவு கேட்டிருக்கிறேன்.

தங்கள் தம்பி,
ரெங்கசாமி

&nbsp;

பதினோராங்கட்டைத் தோட்டம்
2-12-1934

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். வீரம்மா ஆயாவுக்குக் கால் வீங்கியிருக்கு. மழை நிக்கல, மரத்துல பால் ஒழுங்கா இல்லன்னு அத்தான் புலம்புறாரு. நீ தீபாவளிக்கு வந்து போனப்ப அவன் உன் சட்டைப் பையில கை விட்டதை நினைச்சு நீ இன்னும் சிரிச்சுட்டிருப்பே.

இப்ப நல்லாவே பேசுறான். வார்த்தை முன்னப்பின்ன வரும், சிலது அவனுக்கும் காத்தானுக்கும் மட்டும்தான் புரியும். ஆனா வாய் ஓயல. அது என்ன, இது ஏன், நாய் எங்க தூங்கும். உன்கிட்ட மறைக்காம ஒண்ணு சொல்லணும். ரமணி கூப்பிடுறதைப் பார்த்து அவனும் என்னை அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டான். அத்தைன்னு சொல்லுடான்னு திருத்துறேன். மறுநாளும் அம்மாங்கிறான். நான் திருத்துறது வரவர குறைஞ்சுட்டு வருது. நேத்து திருத்தவே இல்ல.

எனக்கு அது பிடிச்சிருக்கு தம்பி. அதுதான் பயமா இருக்கு. தவிட்டுக்கு வாங்கினது சும்மா ஒரு சாங்கியம்னு சீதாவுக்குப் புத்தி சொன்னவ நான். இன்னும் அஞ்சாறு மாசம் போனா அது நெசமாயிடும், அப்புறம் நீ கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன். என் புத்தி கெடுறதுக்கு முன்னால சீதாவை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு.

நீ வராதே. அவ வரணும். அவ மட்டும்.

வள்ளியம்மா

&nbsp;

பிரிக்பீல்ட்ஸ்
6-1-1935

அண்ணிக்கு சீதாலெட்சுமி எழுதுறது. அண்ணன், ரமணி நல்லா இருக்காங்களா? வீரம்மா ஆயா கால் வீக்கம் வடிஞ்சுதா? நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம்.

நீங்க எழுதின காகிதம் எல்லாம் என்கிட்ட இருக்கு. பதில் எழுதாதது திமிர் இல்ல. எழுத உட்கார்ந்தா அவன் பேரைத்தான் முதல்ல எழுத வரும். எழுதினாலும் கூப்பிட்ட மாதிரிதானேன்னு வெச்சுடுவேன்.

அவனைக் கூட்டிட்டுப் போக வந்த அன்னிக்கு உங்க வாசல்ல நான் நின்னதும் அவன் ரமணி பின்னால போய் ஒளிஞ்சான். நீங்க, "அம்மா வந்திருக்கா பாருடா"ன்னீங்க. அவன் எங்கேன்னு என்னைத் தாண்டி சடக்கைப் பார்த்தான். நீங்க சட்டுன்னு உள்ள போயிட்டீங்க. அப்புறம் வழியனுப்பவும் வெளிய வரல, ரமணிதான் கையாட்டினா. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும் அண்ணி. நான் ரெண்டு பேரை அனுப்பினவ.

கிள்ளான்ல வண்டி கிளம்பினதும் ஜன்னலோரம் உட்கார்ந்துக்கிட்டான். என்கிட்ட பயப்படல, ஒட்டவும் இல்ல. வெளிய எதையோ காட்டி, "அது என்னா?"ன்னான். நான் தலையை ஆட்டினேன். மறுபடி கேட்டான். கையைக் காட்டினேன். "வாயைத் திறந்து சொல்லு"ன்னான். யார் சொல்லிக் குடுத்ததுன்னு உங்களுக்கே தெரியும். எதிர்ல இருந்த கிழவர் சிரிச்சுட்டாரு.

எருமைன்னு சொன்னேன். பெத்ததுல இருந்து நான் அவன்கிட்ட பேசின முதல் பேச்சு அதுதான். அப்புறம் கொக்கு, சீனன் கடை, தண்ணிக் குழாய் எல்லாம் கேட்டான். எல்லாத்துக்கும் சொன்னேன். தொண்டை கட்டிப் போச்சு, பேசிப் பழக்கம் இல்லாததால.

பத்து தீகா ஸ்டேஷன் தாண்டினதும் என் முகத்தைப் பார்த்து, "நீ யாரோட அம்மா?"ன்னு கேட்டான். எனக்கு முதல்ல விளங்கல. அவனே சொன்னான். சாயங்காலம் கொட்டகைக்கு ஒவ்வொரு பொம்பளையா வர்றப்ப ஆயா, காத்தான் அம்மா வந்தாச்சு, செல்லி அம்மா வந்தாச்சுன்னு கூப்பிடுவாங்களாம். அவனுக்குத் தெரிஞ்சு பொம்பளைன்னா யாரோ ஒரு பிள்ளைக்கு அம்மா. நான் யாருக்குன்னுதான் கேட்டான்.

அய்யாவு சொன்ன கெடுவுக்கு, அவனுக்கு அஞ்சு வயசு முடியிற ஐப்பசி வரைக்கும் இருக்கு. ஜன்னல் பக்கம் கையைக் காட்டி அவன் கவனத்தை மாத்தப் பார்த்தேன். மாறல. யாரோட அம்மான்னு திரும்பக் கேட்டான். இவனுக்கும் ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன். ஆனா அவன் கேட்டுட்டே இருந்தான் அண்ணி. இத்தனை நாள் ஒண்ணுமே கேட்காத பிள்ளை.

"உன்னோட அம்மா"ன்னு சொன்னேன்.

வண்டிச் சத்தத்துல அவனுக்குக் கேட்கல. என்னான்னான். திரும்பச் சத்தமா சொன்னேன். பெட்டியில இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. யார் காதுல விழணுமோ விழட்டும்னு விட்டுட்டேன்.

"அப்ப ஏன் இவ்வளவு நேரம் கழிச்சு வர்றே?"ன்னு கேட்டான்.

வேலை இருந்துச்சுன்னு சொன்னேன். அங்க கொட்டகைக்கு வர்ற அம்மாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க போல. சரின்னுட்டு, மடியில ஏறி உட்கார்ந்துக்கிட்டான்.

வந்ததுல இருந்து ஹபீபா பிள்ளைங்க இங்கேயேதான் கிடக்குதுங்க. வீடு ரெண்டுபடுது. உங்க தம்பி தலைவலின்னு சொல்லிட்டு அதுங்களோட சேர்ந்து அவரும் கத்துறாரு. நான் தினமும் காலையில அவன் நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறேன். இன்னிக்கும் சூடு இல்ல. உங்களை அம்மான்னுதான் இன்னும் சொல்றான். நான் திருத்தல, அப்படியே இருக்கட்டும். ரமணியைக் கூட்டிட்டு நீங்க வரணும்.

இப்படிக்கு,
குப்பு அம்மா